எட்டாயிரத்து ஐந்நூறு ரூபாய்

2024 தீபாவளிக்கு நாலைந்து நாள் இருக்கும். போனஸ் பட்டுவாடா முடிந்து வவுச்சர்களை அடுக்கிக் கட்டிக்கொண்டிருந்தேன். ஓவர்லாக் தைக்கும் தம்பி ஒருவன் ஆபீஸ் கதவோரமாக வந்து நின்றான். கையில் போன், அதில் பங்குச் சந்தை ஆப் ஒன்று திறந்திருந்தது.

“ஏனுங்க்கா, உங்களுக்கு இதெல்லாம் தெரியும்னு சொன்னாங்க. போனஸ் பதினஞ்சாயிரம் அப்படியே இருக்குது. எந்த ஷேர் வாங்குனா நல்லதுங்க?”

பனியன் கம்பெனி கணக்குப் பிரிவில் பதினாலு வருஷமாக இருக்கிறேன். இந்தக் கேள்வியை இப்போது வாரத்துக்கு ஒருவராவது கேட்கிறார்கள். பதிலுக்கு நான் கேட்பதும் ஒன்றுதான். அவனிடமும் கேட்டேன்.

“தண்டல் ஏதாச்சும் கட்டிட்டு இருக்கியா தம்பி?”

கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், “ஒண்ணே ஒண்ணுதானுங்க்கா. இன்னும் ஆறு வாரம் இருக்குது.”

திருப்பூர்க்காரர்களுக்குத் தண்டலைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். இங்கே தையல், செக்கிங், அயர்ன் என்று பெரும்பாலானவர்களுக்குச் சனிக்கிழமைதான் சம்பளம். அதே சனிக்கிழமை சாயங்காலம் கேட்டுக்கு எதிரே இருக்கும் டீக்கடையில் நோட்டும் பேனாவுமாகத் தண்டல்காரர்கள் நிற்பார்கள். பத்தாயிரம் தண்டல் என்று பேச்சு, ஆனால் கையில் கொடுப்பது எட்டாயிரத்து ஐந்நூறு. மீதி ஆயிரத்து ஐந்நூறை அங்கேயே பிடித்துக்கொள்வார்கள். பிறகு வாரம் ஆயிரம் வீதம் பத்து வாரம் கட்ட வேண்டும். பத்திரம் கிடையாது, ஜாமீன் கிடையாது, அரை மணி நேரத்தில் பணம் கைக்கு வந்துவிடும். குழந்தைக்குக் காய்ச்சல், வண்டி ரிப்பேர், ஊரில் சீர் என்று அவசரத்தில் நிற்பவருக்கு அது போதும்.

ஒரு வவுச்சரைத் திருப்பிப் போட்டு அவனுக்குக் கணக்கு எழுதிக் காட்டினேன். ஆயிரத்து ஐந்நூறுதானே என்று தோன்றும். ஆனால் வாங்கிய எட்டாயிரத்து ஐந்நூறும் பத்து வாரமும் நம் கையில் இருப்பதில்லை. முதல் வாரமே ஆயிரம் திரும்பிப் போகிறது, அடுத்த வாரம் இன்னொரு ஆயிரம். அப்படிப் பார்த்தால் வாரத்துக்கே நூற்றுக்கு மூன்று ரூபாய் வட்டி ஆகிறது. வருஷக் கணக்கில் நூற்றுக்கு நூற்றைம்பதைத் தாண்டும்.

“வருஷத்துல எத்தனை தடவை வாங்குவ?”

“ஒண்ணு முடிஞ்சா அடுத்ததுங்க்கா. அஞ்சு தடவை ஆயிரும்.”

அஞ்சு தடவை ஆயிரத்து ஐந்நூறு என்றால் 7,500 ரூபாய். எட்டாயிரத்து ஐந்நூறு ரூபாய் தன்னுடையதாக இல்லாததற்கு அவன் வருஷா வருஷம் கட்டிவரும் வாடகை அது. அந்தத் தொகை மட்டும் சொந்தமாக இருந்துவிட்டால் 7,500 அவன் கையிலேயே தங்கும். எந்த ஷேர் அவனுக்கு அந்த லாபத்தைத் தரும்? நான் தேடிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன், கிடையாது.

அஞ்சலகச் சேமிப்புக் கணக்கில் வட்டி நூற்றுக்கு நாலு. “நாலு பர்சென்ட்டுக்கு எதுக்குங்க போட்டு வெக்கோணும், விலைவாசி அதுக்கு மேல ஏறுதே” என்று படித்தவர்களே சொல்கிறார்கள். ஏறுவது உண்மைதான். ஆனால் பாஸ்புக்கில் விழும் வட்டி மட்டும் சேமிப்பின் வருமானம் இல்லை. நாம் கட்டாமல் விட்ட தண்டல், அடகுக்குப் போகாத வளையல், நஷ்டத்தில் விற்காமல் தப்பிய மியூச்சுவல் ஃபண்ட் யூனிட் எல்லாம் சேர்ந்ததுதான் அதன் வருமானம். பாஸ்புக் அதை அச்சடித்துக் காட்டுவதில்லை.

இதை நான் காசு கொடுத்துக் கற்றுக்கொண்டேன்.

2018 ஏப்ரலில் மாதம் 3,000 ரூபாய்க்கு ஒரு இண்டெக்ஸ் ஃபண்டில் எஸ்.ஐ.பி. ஆரம்பித்தேன். நல்ல முடிவுதான், இன்றைக்கும் அதில் குறை சொல்ல மாட்டேன். வீட்டுக்காரருக்கு டையிங்கில் வேலை, எனக்குக் கம்பெனி சம்பளம், இரண்டும் ஒழுங்காக வந்துகொண்டிருந்தன. சேமிப்புக் கணக்கில் எப்போதும் மூவாயிரமோ நாலாயிரமோதான் கிடக்கும். பணத்தைச் சும்மா போட்டு வைப்பது தப்பு என்று நான் உறுதியாக நம்பியிருந்த காலம் அது.

2020 மார்ச் 24 ராத்திரி ஊரடங்கு அறிவித்தார்கள். அதற்கு முந்தின நாள்தான் சென்செக்ஸ் ஒரே நாளில் 3,934 புள்ளி சரிந்து 25,981-க்கு வந்திருந்தது. ஜனவரியில் 42,000-ஐத் தொட்ட சந்தை. டையிங் மூடியது. எனக்கு மார்ச் சம்பளம் பாதி வந்தது, ஏப்ரலுக்கு ஒன்றும் வரவில்லை. ஊரடங்கு வந்த அந்த வாரத்திலேயே தாராபுரத்தில் அப்பா பாத்ரூமில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. பாஸ் வாங்கி வண்டி பிடித்துப் போய்ச் சேர்ந்தால், ஆஸ்பத்திரியில் முன்பணம் கட்டினால்தான் ஆபரேஷன் என்றார்கள்.

கைமாற்று கேட்க ஆளில்லை. எல்லோரும் எங்களைப் போலத்தான் முடங்கிக் கிடந்தார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்துகொண்டு போனில் எல்லா யூனிட்டையும் விற்கப் போட்டேன். இருபத்து நாலு மாதம் கட்டியது 72,000. வந்தது 52,000 சொச்சம். அதுவும் கணக்கில் விழ இரண்டு மூன்று நாள் ஆனது. நடுவில் இரண்டு வளையல் அடகுக்குப் போனது. 2021 ஜனவரி 21-ஆம் தேதி சென்செக்ஸ் 50,000-ஐத் தொட்ட செய்தியைப் பார்த்தபோது கணக்குப் போட்டேன். அந்த யூனிட்டுகளைத் தொடாமல் விட்டிருந்தால் அன்றைக்கு 90 ஆயிரத்துக்கு மேல் இருந்திருக்கும்.

அப்பா எழுந்து நடந்துவிட்டார், அதுதான் பெரிது. ஆனால் நான் தேர்ந்தெடுத்த ஃபண்டில் தப்பில்லை, சந்தை மேலும் தப்பில்லை. சந்தை விழுந்தது, பிறகு எழுந்தது. அது எழுகிற வரைக்கும் காத்திருக்க என்னிடம் நாலு மாதச் செலவுப் பணம் இல்லை. வேலை போவதும் சந்தை விழுவதும் பெரும்பாலும் ஒரே காரணத்தால் ஒரே நேரத்தில்தான் வரும் என்பதை நான் யோசித்ததே இல்லை. பணம் அவசரமாகத் தேவைப்படும் மாதமும் யூனிட் விலை கீழே கிடக்கும் மாதமும் ஒன்றாக அமைவது தற்செயல் இல்லை.

தமிழில் முதல் என்றால் ஆரம்பம், முதல் என்றால் வியாபாரத்தில் போடும் பணமும்தான். “முதலுக்கே மோசம்” என்று கடைவீதியில் சொல்வது அந்தப் பணத்தைத்தான். முதலீடு என்ற சொல்லிலேயே அந்த முதல் உட்கார்ந்திருக்கிறது. நான் முதலைச் சேர்க்காமல் முதலீட்டுக்குப் போயிருந்தேன்.

அம்மாவைப் பெற்ற எங்கள் அம்மிச்சியின் வீடு காங்கயம் பக்கம். அடுப்படியில் அரிசிக் குதிருக்குப் பக்கத்தில் வாய் குறுகின ஒரு மண் கலயம் இருக்கும். தினமும் உலைக்கு அரிசி அளந்து முறத்தில் கொட்டுவார். கொட்டின உடனே, களைவதற்கு முன்னால், அதிலிருந்து ஒரு பிடி எடுத்துக் கலயத்தில் போடுவார். ஆள் கூடுதலாக வந்த நாளிலும் போடுவார், குதிர் அடி தட்டும் நாளிலும் போடுவார். கை சின்னதாகக் குவியும், அவ்வளவுதான் வித்தியாசம். எனக்கு எட்டு வயதிருக்கும்போது கேட்டேன், “சோறு மிஞ்சுனா அதை எடுத்து வெக்கலாமல்ல அம்மிச்சி?”

“மிஞ்சுன சோறு நாளைக்கு ஊசிப் போயிரும் அம்மிணி. அரிசி ஊசாது.”

மாசக் கடைசியில் மிஞ்சுவதைச் சேமிக்கலாம் என்று நாம் நினைப்பது அந்த மிஞ்சின சோறுதான். ஒரு டீக்கடை, ஒரு ஆன்லைன் ஆர்டர், ஒரு விசேஷம் வந்தால் தீர்ந்துவிடும். சம்பளம் வந்த அன்றைக்கே, செலவுக்குள் போவதற்கு முன்னால் எடுத்தால் அது அரிசி.

அம்மாவுக்கு இருந்தது சிறுவாடு. மளிகைக் காசில் பிடித்தது, பால் விற்றது, அப்பாவுக்குத் தெரியாமல் சேர்த்தது. இந்தச் சொல்லை இப்போது சிரித்துக்கொண்டு சொல்கிறார்கள், எனக்கு அதன் மேல் பெரிய மரியாதை உண்டு. என் பள்ளிக்கூட ஃபீஸ் இரண்டு தடவை அதிலிருந்துதான் போனது. 2016 நவம்பர் 8-ஆம் தேதி 500, 1,000 நோட்டு செல்லாது என்று அறிவித்த மறுநாள் காலையில், அம்மா அரிசி டின்னுக்கு அடியிலிருந்து மஞ்சள் துணியில் முடிந்த ஒரு கட்டை எடுத்து வந்து என் மடியில் வைத்தார். 14,500 ரூபாய், எல்லாம் ஐந்நூறு நோட்டு. திருடிவிட்டு மாட்டிக்கொண்டவரைப் போல முகத்தை வைத்துக்கொண்டிருந்தார். அப்பா ஒரு வார்த்தை சொல்லவில்லை, வரிசையில் நின்று மாற்றிக் கொடுத்தார். ஆனாலும் அம்மாவின் அந்த முகம் எனக்கு மறக்கவில்லை. அந்த வாரமே அவர் பேரில் அஞ்சலகத்தில் கணக்குத் தொடங்கினோம். பெண்களே, சிறுவாட்டை விட்டுவிடாதீர்கள். ஆனால் அது உங்கள் பேரில், உங்கள் கையெழுத்தில் ஒரு கணக்கில் இருக்கட்டும்.

2020 ஆகஸ்டில் வேலை திரும்பியதும் நான் செய்தது இரண்டு காரியம். அஞ்சலகத்தில் மாதம் 2,000 ரூபாய்க்கு ஐந்து வருஷ ஆர்.டி. போட்டேன். வட்டி அப்போது 5.8 சதவீதம், தொடங்கும்போது இருக்கும் வட்டியே அறுபது தவணைக்கும். ஏஜெண்ட் அக்கா ஒருவர் மாதா மாதம் வீட்டுக்கே வந்து வாங்கிக்கொள்வார். தவணை தவறினால் நூறு ரூபாய்க்கு மாதம் ஒரு ரூபாய் அபராதம். மூன்று வருஷம் முடிவதற்கு முன்னால் மூட முடியாது, அதற்கு அப்புறம் மூடினாலும் சேமிப்புக் கணக்கு வட்டிதான். ஆனால் பன்னிரண்டு தவணை கட்டியிருந்தால் இருப்பில் பாதி வரை கடன் எடுக்கலாம். நினைத்த நேரத்தில் எடுக்க முடியாத இந்தக் கெடுபிடியைக் குறை என்று பலர் சொல்வார்கள். எனக்கு அந்தக் கெடுபிடிதான் வேண்டியிருந்தது.

இரண்டாவது, தனியாக ஒரு வங்கிக் கணக்கு. அதை எந்த ஆப்பிலும் சேர்க்கவில்லை. ஏ.டி.எம். கார்டு பீரோவில், சேலைக்கு அடியில். டீக்கும் பூவுக்கும் கியூ.ஆர். கோடை நீட்டிப் பழகிவிட்ட பிறகு, கைக்குச் சுலபமாக எட்டுகிற பணம் சேமிப்பாகத் தங்காது. மாதம் 2,500-ம் போனஸில் பெரும்பகுதியும் அந்தக் கணக்குக்குப் போயின.

எவ்வளவு சேர்க்க வேண்டும் என்று கேட்பீர்கள். சம்பளத்தை வைத்துக் கணக்குப் போடாதீர்கள், செலவை வைத்துப் போடுங்கள். ஒரு மாதம் முழுக்க நோட்டில் எழுதினேன். வாடகை, மளிகை, பால், கேஸ், பெட்ரோல், பள்ளிக்கூடம், அப்பாவின் மாத்திரை. அப்போது 24,000 வந்தது. சினிமா, ஓட்டல், துணிமணி இதில் இல்லை. நாலு மாதத்துக்கு 96,000. ஆறு மாதம் என்று புத்தகங்களில் எழுதுகிறார்கள். எங்களுக்கு இரண்டு வருமானம் என்பதால் நாலு போதும் என்று முடிவு செய்தேன். ஒரே சம்பளத்தில் ஓடும் வீடு என்றால் ஆறுதான். அந்த 96,000 சேர எனக்குப் பதினேழு மாதம் ஆனது. அதுவரை எஸ்.ஐ.பி. பக்கமே போகவில்லை. சந்தை ஏறிக்கொண்டிருந்தது, நண்பர்கள் லாபக் கணக்கு சொன்னார்கள், உள்ளுக்குள் அடித்துக்கொள்ளத்தான் செய்தது. 2022 ஜனவரியில்தான் மறுபடி அதே 3,000-ஐ ஆரம்பித்தேன்.

சீட்டும் நகையும் சேமிப்பு ஆகாதா என்று எங்கள் பக்கத்தில் கேட்காமல் விட மாட்டார்கள். ஏலச்சீட்டை முன்னாலேயே தள்ளி எடுத்தால் அது கடன், கடைசி வரை இருந்து எடுத்தால் சேமிப்பு. எதுவானாலும் 1982-ஆம் வருஷச் சீட்டு நிதிச் சட்டப்படி பதிவு செய்த சீட்டாக இருக்க வேண்டும். பக்கத்து வீட்டு அக்கா நல்லவர்தான். ஆனால் எடுத்தவர்கள் நாலு பேர் கட்டாமல் போனால் அந்த அக்காவாலும் ஒன்றும் செய்ய முடியாது. தங்கத்தை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன், எங்களைக் காப்பாற்றியதில் அந்த இரண்டு வளையலுக்கும் பங்கு உண்டு. ஆனால் நகையாக வாங்கும்போது செய்கூலி, சேதாரம், 3 சதவீத ஜி.எஸ்.டி. என்று முதல் நாளே ஒரு பகுதி போய்விடுகிறது. அடகு வைத்தால் வட்டி, மீட்பதற்குள் அடுத்த தீபாவளி வந்துவிடும். ஆகவே தங்கம் கடைசி வரிசை. செல்வமகள், பி.பி.எஃப். எல்லாம் நல்ல திட்டங்கள், என் மகளுக்கும் போட்டிருக்கிறேன். அவை முதலீட்டுப் பக்கம் சேர வேண்டியவை, நாளைக் காலையில் ஆஸ்பத்திரி கவுண்ட்டரில் கட்ட உதவாது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். சேர்த்த பணம் கண்ணில் படும்படி இருந்தால், அதற்கு வட்டி அதிகம் தருகிறேன் என்று யாராவது வருவார்கள். பெருந்துறைப் பக்கம் ஈமு கோழிப் பண்ணை என்று கொட்டிய பணத்துக்கு 2012-இல் என்ன ஆனது என்று எங்கள் பக்கத்து வீடுகளில் கேட்டுப் பாருங்கள். காடு விற்ற பணம், கல்யாணத்துக்கு வைத்த பணம், எல்லாம் போனது. வங்கியில் போட்டிருந்தால், வங்கியே முழுகினாலும் ஒரு வங்கிக்கு ஒருவருக்கு ஐந்து லட்சம் வரை காப்பீடு உண்டு. 2020 பிப்ரவரிக்கு முன்னால் அது ஒரு லட்சமாகத்தான் இருந்தது. அடித்தளத்துக்கான பணம் இப்படிப்பட்ட இடத்தில்தான் இருக்க வேண்டும். அங்கே வட்டி குறைவு என்று வருத்தப்படவே கூடாது.

2025 ஆகஸ்டில் என் ஆர்.டி. முதிர்ந்தது. கட்டியது 1,20,000, வந்தது 1,39,393 ரூபாய். அதே ஆகஸ்ட் 27-ஆம் தேதி முதல் நம் துணிக்கு அமெரிக்காவில் கூடுதல் வரி 50 சதவீதம் ஆனது. திருப்பூர் ஏற்றுமதியில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு அந்த நாட்டுக்குப் போவது. கட்டிங் முடிந்த ஆர்டர்கள் அப்படியே நின்றன. ஒன்றரை ஷிப்ட் ஓடிய இடத்தில் ஒரு ஷிப்ட், சில லைன்களில் வாரம் நாலு நாள். செப்டம்பர் சம்பளம் எனக்கு இருபது நாள் தள்ளி வந்தது, வீட்டுக்காரருக்கு வேலை பாதியானது. வீட்டில் யாரும் சத்தம் போட்டுப் பேசவில்லை, நான் யாருக்கும் போன் போட்டுக் கைமாற்று கேட்கவில்லை. ஆர்.டி. பணத்திலிருந்து மாதச் செலவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தோம். எஸ்.ஐ.பி. ஒரு மாதம்கூட நிற்கவில்லை. வளையல்கள் கையில்தான் இருக்கின்றன.

அந்தத் தம்பியைப் பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டேன். அந்தத் தீபாவளிக்கு அவனிடம் நான் சொன்னது இவ்வளவுதான். பதினஞ்சாயிரத்தில் பத்தை அஞ்சலகத்தில் போடு. தண்டலில் மிச்சம் இருக்கும் ஆறு வாரத்தையும் கட்டி முடி. முடிந்த பிறகும் அதே சனிக்கிழமை, அதே ஆயிரத்தை உன் கணக்குக்கே கட்டு. தேவைப்பட்டால் அதிலிருந்து எடு, எடுத்ததை வாரத் தவணையாகத் திருப்பிப் போடு. பிடித்தம் மட்டும் கிடையாது. முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டுதான் போனான். ஷேர் பேர் கேட்டு வந்தவனுக்கு நான் அஞ்சலகத்தைக் காட்டினால் வேறு எப்படிப் போவான்.

ஆர்டர்கள் நின்ற அந்த நாட்களில் ஒரு சனிக்கிழமை பாஸ்புக்கோடு வந்தான். நடுவில் வண்டிக்கு, அக்கா பையன் காதுகுத்துக்கு என்று எடுத்தது போக 31,200 இருந்தது.

“நாலு நாள்தானுங்க்கா வேலை. வாடகைக்கு எடுக்கட்டுங்களா?”

“அதுக்குத்தான வெச்சிருக்க, எடு.”

சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்தான். தண்டல்காரர்கள் வைத்திருப்பார்களே, அதே மாதிரி நீள நோட்டு. மேஜையில் வைத்து நின்றபடியே எழுதினான். தேதி, எடுத்தது 4,000, வாரம் 400, பத்து வாரம். அதற்குக் கீழே கொடுத்தவர் பெயர், வாங்கியவர் பெயர் என்று இரண்டு கோடு போட்டு, இரண்டிலும் தன் பெயரையே எழுதிக்கொண்டான்.